ஆளுக்கு இரண்டு டயர்

அறந்தாங்கி
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மனைவி கலைமதி எழுதுவது. போனில் பேச வேண்டியதை எதற்கு மெயிலில் எழுதுகிறாள் என்று புருவத்தைத் தூக்க வேண்டாம். போன வெள்ளிக்கிழமை நான் "டயர்" என்று வாயெடுத்ததுமே ஓமான் பாலைவனத்தில் சிக்னல் போய்விட்டது. அதற்கு முந்தின வெள்ளியும் அதே இடத்தில்தான் போனது. கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும்.

நம் ஜீப்பின் நான்கு டயரும் போய்விட்டன. தேய்ந்து போயிருந்தால்கூட மனசு ஆறும். தேயவே இல்லை. காற்றுப் பிடிக்கப் போனபோது டயர் கடை வெள்ளைச்சாமி அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். "டீச்சர், மேல துருத்திக்கிட்டு இருக்குற பட்டனெல்லாம் புதுசு மாதிரியே நிக்குது. ஆனா ரப்பர் செத்துப்போச்சு. இந்தா பாருங்க வெடிப்பு. இத வச்சுக்கிட்டு மழைக்காலத்துல மணமேல்குடி ரோட்டுல போயிராதீங்க" என்றார். டயரில் பொறித்திருந்த வருஷத்தையும் காட்டினார். 2018.

ஞாபகம் இருக்கிறதா? "அடுத்த தைக்கு ஊரோடு வந்துவிடுவேன், நம் தோட்டத்துக்குப் போய்வரச் சேறு, கல் எல்லாவற்றிலும் ஏறுகிற ஆல்-டெரெய்ன் டயர்தான் சரி" என்று அந்த லீவில் நீங்களே நின்று மாட்டிவிட்டுப் போனவை. சேறு எப்படியிருக்கும் என்று அவற்றுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு என்று தார் ரோட்டிலேயே கிடந்து கிழடு தட்டிவிட்டன.

இந்த முறை நான்கும் சாதாரண ரோடு டயராகப் போடப் போகிறேன். அந்தப் பட்டன் டயர் போடும் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் பிளெஸ்ஸி டீச்சர் சொல்வது ஒன்றும் காதில் விழுவதில்லை. ஸ்டியரிங் கல்லாகக் கனக்கிறது. ஈர ரோட்டில் பிரேக் போட்டால் வண்டி யோசித்துவிட்டு நிற்கிறது. தினமும் ஓட்டுகிறவள் நான். "சரி" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

கலைமதி


ஓமான்
19 செப்டம்பர் 2025

அன்புள்ள கலை,

சிக்னல் நிஜமாகவே போனது. நம்பினால் நம்பு.

ஃபோர் வீல் ஜீப்புக்கு ரோடு டயர் போடுவது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நாற்று நடப் போவது போல. வண்டியை வாங்கியதே எதற்கு? பள்ளிக்கூடம் போய் வருவதற்கு ஒரு சின்ன கார் போதாதா? ஸ்டோர் கீப்பர்தானே, இவனுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று வெள்ளைச்சாமி நினைக்கலாம். இந்தக் கேம்ப்பில் எந்த வண்டிக்கு எந்த டயர் போனாலும் என் கையெழுத்து இல்லாமல் போகாது. மணலிலும் கல்லிலும் எது நிற்கும், எது படுத்துக்கொள்ளும் என்று தினமும் பார்க்கிறேன்.

சத்தம் வருகிறதாம். சத்தம் வந்தால் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வை. பிளெஸ்ஸி டீச்சர் பேசுவது காதில் விழாததெல்லாம் ஒரு குறையா? அது எனக்கு ஒரு உபகாரம் என்று அவர் வீட்டுக்காரரே சொல்வார்.

விராலிமலைக்கு உள்ளே நம் தோட்டத்துக்குப் போகும் தடம் எப்படி இருக்கும் என்று நீ மறந்துவிட்டாய். மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் கண்மாய்க்கரை முழுக்கச் செம்மண். ஒரு மழை பெய்தால் போதும், ரோடு டயர் அங்கே வழுக்கிக்கொண்டு கண்மாய்க்குள் குளிக்கப் போய்விடும். தையில் நான் வந்ததும் அங்கே ஒரு அறை போட வேண்டும், போர் இறக்க வேண்டும், தினமும் போய் வர வேண்டும். அப்போது திரும்ப நான்கு டயரை மாற்றிக்கொண்டிருப்பதா?

இந்தத் தை நிச்சயம். ஆல்-டெரெய்னே போடு. பழையதைவிட ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் வண்டி இன்னும் கம்பீரமாக நிற்கும்.

நிலவழகன்


அறந்தாங்கி
24 செப்டம்பர் 2025

மச்சானுக்கு,

"அன்புள்ள" இந்த முறை கிடையாது.

போன வருஷம் கார்த்திகையில் நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அங்கே உட்கார்ந்துகொண்டு நகத்தைக் கடிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் போகும் வழியில், ஆவுடையார்கோயில் தாண்டி வளைவில் நல்ல மழை. முன்னால் போன டவுன் பஸ் திடீரென்று நின்றது. நான் பிரேக்கின் மேல் ஏறியே நின்றேன். உங்கள் கம்பீரமான டயர்கள் அவை பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போயின. பஸ்ஸின் பின்படியில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகம் கண்ணாடிக்கு நேரே வந்துவிட்டது. கடைசி நேரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து மண்ணில் இறக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிளெஸ்ஸி மட்டும் அழுதுகொண்டே ஜெபம் செய்தாள். அதற்குப் பிறகு மழை நாளென்றால் அவள் பஸ்ஸில் போய்விடுகிறாள். நான் அந்தப் பிள்ளைகளுக்கு மறுநாள் வகுப்பெடுத்தேன்.

அந்த டயர் மணலுக்கும் கல்லுக்கும் பிறந்தது. இங்கே மணலும் இல்லை, கல்லும் இல்லை. தார் ரோடும் மழையும் நானும்தான் இருக்கிறோம்.

தை, தை என்கிறீர்கள். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை, பழமொழியைச் சொல்கிறேன். 2018இல் சொன்ன தை வந்து, அதற்குப் பிறகும் எத்தனையோ பொங்கல் பொங்கியாயிற்று. நீங்கள் லீவில் வருவீர்கள், ஜீப்பைக் கழுவுவீர்கள், ஒரு நாள் தோட்டத்துக்குப் போவீர்கள், பெட்டியைக் கட்டுவீர்கள். அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்க நான் அந்த டயரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டுமா?

இருந்தாலும் சண்டை எனக்கும் அலுத்துவிட்டது. என் அம்மாவை, அதாவது உங்கள் அத்தையை, உங்களுக்குத் தெரியும். நானும் தம்பியும் எதற்கு அடித்துக்கொண்டாலும் அதை வாங்கி அரிவாள்மணையில் சரிபாதியாக அறுத்துக் கையில் கொடுத்துவிடும். ஒரு தடவை தலையணையையே அறுத்தது. அதே நியாயத்தை நான் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு டயர். எது எங்கே என்று நீங்களே சொல்லுங்கள். இதற்கு மேல் இறங்கி வர எனக்குப் படி இல்லை.

கலைமதி


ஓமான்
28 செப்டம்பர் 2025

கலை,

பஸ் விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு தடவை எழுந்து வெளியே போய் நின்றேன். இதை ஒரு வருஷம் மூடி வைத்திருக்கிறாய். என்னைப் பொத்திப் பொத்தி வைக்கும்படி நான் உன்னிடம் கேட்டேனா?

அத்தை தலையணையை அறுத்துப் பஞ்சு பறந்தபோது நானும் அங்கே இருந்தேன். அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன். முன்னால் இரண்டு உன் ரோடு டயர், பின்னால் இரண்டு என் ஆல்-டெரெய்ன். பிரேக்கும் ஸ்டியரிங்கும் முன்னால், உனக்கு வசதி. தள்ளுவது பின்னால், எனக்கு வசதி. லாரியைப் பார்த்திருப்பாயே, முன்னால் வரி டயர், பின்னால் பட்டன் டயர்தானே போடுகிறான்? அவ்வளவு பாரம் ஏற்றுகிறவனுக்கு இல்லாத பயம் நமக்கு எதற்கு? பின்னால் மட்டும் நான் சொன்ன பெரிய சைஸ்.

எனக்கே திருப்தியாக இருக்கிறது. வெகுநாள் கழித்து நாம் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறோம். மாட்டியதும் ஒரு போட்டோ அனுப்பு.

நிலவழகன்


அறந்தாங்கி
27 அக்டோபர் 2025

திரு. நிலவழகன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட போட்டோ இல்லை. ஏன் இல்லை என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முன்பே டயரை மாட்டிவிட்டேன். வெள்ளைச்சாமி அண்ணன் வெகுநேரம் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. "டீச்சர், லாரி ஃபோர் வீலா? அது பின்னாடி மட்டும்தான் தள்ளும். ஒங்க வண்டி லீவரப் போட்டா நாலும் சேந்து சுத்தும். சின்ன சக்கரம் ஒண்ணு, பெரிய சக்கரம் ஒண்ணு போட்டா உள்ள கியரு என்ன பண்ணும்?" என்றார். ரோடு டயரையும் உங்கள் டயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உயர வித்தியாசத்தைக் கையால் அளந்து காட்டினார். நான் அறிவியல் டீச்சர். எனக்கு அது புரியாமல் இல்லை. "இது எங்க வீட்டுப் பஞ்சாயத்துண்ணே, மாட்டுங்க" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு மாட்டினார். "அப்ப அந்த லீவர மட்டும் தொட்டுறாதீங்க" என்றார்.

பிறகு எனக்கே உங்கள் மேல் ஒரு இரக்கம் வந்தது. பாவம், ஒத்துப்போன சந்தோஷத்தை அப்படி எழுதியிருந்தீர்களே. நேற்று ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை வழியாக விராலிமலைக்குப் போனேன். சேறு அப்பிய உங்கள் ஜீப்பை உங்கள் தோட்டத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் எப்படிச் சிரிப்பீர்கள் என்று வழியெல்லாம் நானே சிரித்துக்கொண்டு போனேன். கண்மாய்க்கரையில் வண்டி மாட்டிக்கொண்டது. உங்கள் பெரிய டயர் சுற்றிக்கொண்டே நின்றது. வெள்ளைச்சாமி அண்ணனை மனசுக்குள் கும்பிட்டுவிட்டு லீவரைப் போட்டேன். வண்டி ஏறிவிட்டது. எனக்கு அப்படி ஒரு பெருமை.

தோட்டத்தில் நிலத்தை உழுது கடலை விதைத்திருந்தார்கள். முளைத்து நிற்கிறது. பக்கத்து நிலத்து நாகராசு மண்வெட்டியோடு ஓடிவந்தார். "வாங்க டீச்சர், வாங்க. சார் ஆவணியிலேயே போன் போட்டு மூணு வருசத்துக்குக் குத்தகைக்குப் பேசிட்டாரு. காண்ட்ராக்ட்டு நீட்டிட்டாங்களாம், இன்னும் மூணு வருசம் அங்கிட்டுத்தானாம். ஒங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது? கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாதது நாகராசுக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வேன்? இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

ஆவணியில் பேசிவிட்டு, புரட்டாசியில் எனக்கு "இந்தத் தை நிச்சயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். குத்தகைக்கு விட்ட நிலத்தில் அறை போடப் போவதாகவும், அதற்கு நான் ஆல்-டெரெய்ன் டயர் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

திரும்பி வரும்போது லீவர் போட்டது எனக்கு நினைவில் இல்லை. எது நினைவில் இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா? சக்கரம் வழுக்கிக்கொடுக்க வழியில்லாத காய்ந்த தார் ரோட்டில் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தேன். இலுப்பூர் பக்கம் வரும்போது வண்டி உதறியது. லீவரை எடுக்கப் பார்த்தேன், இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். பிறகு அடியில் இரும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். டயருக்காக அழுகிறேன் என்று போகிறவர்கள் நினைத்திருப்பார்கள். லாரியில் கட்டி இழுத்துத்தான் கொண்டு வந்து சேர்த்தோம்.

கலைமதி


ஓமான்
2 நவம்பர் 2025

கலை,

பத்து தடவை எழுதி அழித்துவிட்டேன்.

முதலில் திட்டித்தான் எழுதினேன். லீவரை எடுக்காமல் ஓட்டியது உன் தப்பு. நான் உன்னிடம் சொல்வதற்கு முன்னால் உளறியது நாகராசு தப்பு. இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் எழுதிப் படித்துப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது.

தீபாவளிக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். தீபாவளியன்று போனில் நீ ரொம்பச் சந்தோஷமாகப் பேசினாய். சொல்ல வாய் வரவில்லை.

ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று கேட்பாய். எனக்குப் பயமாக இருக்கிறது, கலை. இங்கே நூறு பேர் "ஸ்டோர் அண்ணே" என்று கூப்பிடுகிறார்கள். நான் இல்லாவிட்டால் ஒரு வண்டி நகராது. ஊருக்கு வந்தால் கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது, மோட்டார் சுவிட்ச் எது என்று உன்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். நீ எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய். மகள் அழகியும் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். காலையில் நீ பள்ளிக்கூடம் கிளம்பிப் போனபிறகு அந்த வீட்டில் நான் யார்? போன லீவில் ஒருநாள் தபால்காரன் என்னைப் பார்த்து "டீச்சர் வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கீங்களா?" என்று கேட்டான். உன்னிடம் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. காகிதத்தை நீட்டினார்கள், கை தானாகப் போட்டுவிட்டது.

பிறகு எதற்கு அந்த டயருக்கு அவ்வளவு மல்லுக்கட்டினேன் என்றால், நீ ரோடு டயர் போடுகிறேன் என்று எழுதியபோது எனக்குச் சுருக்கென்றது. இவள் முடிவு செய்துவிட்டாள், இனி அவன் வரமாட்டான் என்று. நான் வருவேன் என்று நானே நம்பவில்லை. நீயாவது நம்பிக்கொண்டிரு என்று ஆசைப்பட்டேன். சொன்னால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது.

வண்டியைச் சரி செய். என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன். ஒரு போன் எடு, கலை. எடுக்கவே மாட்டேன் என்கிறாயே.

நிலவழகன்


அறந்தாங்கி
16 நவம்பர் 2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை வந்த அன்றே படித்துவிட்டேன். கோபம் போகட்டும் என்று காத்திருந்தேன், போகவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

தபால்காரர் கேட்டது உறுத்துகிறதாம். அதற்காக இன்னும் மூன்று வருஷம் விருந்தாளியாகவே இருந்துவிடுவதா? மோட்டார் சுவிட்ச் எது என்று எனக்கு மட்டும் பிறக்கும்போதே தெரியுமா? கைவைத்து ஷாக் அடித்துத்தான் கற்றுக்கொண்டேன். இங்கே இருந்தால் உங்களுக்கும் அடிக்கும். பிறகு தெரிந்துவிடும். பயமாக இருக்கிறது என்று நீங்கள் ஆவணியில் சொல்லியிருந்தால் நான் என்ன, தலையையா சீவியிருப்பேன்? நம்பிக்கொண்டிரு என்று என்னை ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் இன்னொரு பக்கம் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வண்டி விஷயம். மெக்கானிக் சேரன் அடியில் கழற்றிப் பார்த்துவிட்டு, ஃபோர் வீல் கியர் மொத்தமும் நொறுங்கிவிட்டது என்றார். "ரெண்டு வழி இருக்கு டீச்சர். உள்ள எல்லாம் புதுசாப் போட்டா பழையபடி ஃபோர் வீலா ஓடும். இல்லன்னா முன்னாடி போற ஷாஃப்ட்டக் கழட்டிட்டு, பின்சக்கரம் மட்டும் ஓடுற மாதிரி கட்டிக் குடுத்துருவேன். ரோட்டுக்கு அது தாராளமாப் போதும். சார் ஊரோட வாராரா? வாராருன்னா மொதல் வழி. இல்லன்னா எதுக்கு வெட்டியா?"

பட்டறையில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். வெள்ளைச்சாமி அண்ணன்கூட வந்திருந்தார். இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் டக்கென்று சொல்லும் பதில் ஒன்று உண்டு. "அடுத்த தைக்கு வாராங்க." அன்று அது வாயில் வரவில்லை. "கழட்டிருங்க" என்றேன்.

கழற்றிவிட்டார்கள். பின்னால் இருந்த உங்கள் இரண்டு டயரையும் வெள்ளைச்சாமி அண்ணனே எடுத்துக்கொண்டு ரோடு டயர் மாட்டிவிட்டார். இப்போது நான்கும் ஒரே மாதிரி. இந்த வாரம் முழுக்க நல்ல மழை. பிளெஸ்ஸி பஸ்ஸுக்குப் போகாமல் என்னோடேயே வருகிறாள். அவள் பேசுவது முழுக்கக் காதில் விழுகிறது. அதில் ஒரு பாதி விழாமல் இருந்திருக்கலாம். அந்த ஒன்றில் மட்டும் நீங்கள் சொன்னது சரி.

அந்த ஆவுடையார்கோயில் வளைவில் நேற்று வேண்டுமென்றே பிரேக் போட்டுப் பார்த்தேன். போட்ட இடத்திலேயே நின்றது. பிளெஸ்ஸிதான் பயந்துபோய் என்னை வைதாள்.

நாகராசு குத்தகை அப்படியே இருக்கட்டும். கடலை நன்றாக வந்திருக்கிறது, அந்த மனுஷன் வயிற்றில் அடிக்க வேண்டாம். உங்கள் காண்ட்ராக்ட்டை என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். வாருங்கள் என்று கெஞ்சவும் மாட்டேன், வராதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். இனி ஊரில் யார் கேட்டாலும் தை என்று மட்டும் சொல்ல மாட்டேன். தெரியாது என்பேன்.

ஜீப் இனிமேல் தோட்டத்துக்கு ஏறாது. அதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம். திருச்சி ஏர்போர்ட் வாசலிலேயே புதுக்கோட்டை ரோடு தொடங்குகிறது. அங்கிருந்து நம் வீட்டு வாசல் வரைக்கும் தார் ரோடுதான். உங்களைக் கூட்டிக்கொண்டு வர இந்த டயர் போதும்.

கலைமதி